ஈசிஆர் கச்சேரி ராத்திரி: கூட்டம் எங்க சிக்குச்சு, ஏன் சிக்குச்சு

பெரிய கச்சேரி ஒண்ணு சொதப்புனா மறுநாள் காலைல எல்லார் வாய்லயும் ஒரே பேச்சு, "நம்ம ஜனங்களுக்கு வரிசைல நிக்கத் தெரியாதுங்க"ன்னு. எனக்கு அதைக் கேட்டாலே கோவம் வருது. அந்தக் கூட்டத்துல நானும் நின்னேன், என் கூட அம்மா, அண்ணன் பொண்ணு ரெண்டு பேரும் நின்னாங்க, அங்க வந்த யாரும் இடிக்கணும் தள்ளணும்னு வரல, பாட்டு கேக்கத்தான் வந்தாங்க. அதனால அந்த சாயங்காலத்தை ஆரம்பத்துலேர்ந்து பிரிச்சு எழுதிப் பாக்குறேன். நடத்துனவங்க பேரையும் பாடுனவர் பேரையும் விட்டுட்டேன், அந்த ஏற்பாட்டோட யார் நடத்தியிருந்தாலும் அன்னிக்கு இதேதான் ஆகியிருக்கும்.

முதல்ல இடம். ஈசிஆர், அதாவது சென்னைலேர்ந்து மகாபலிபுரம் போற கிழக்குக் கடற்கரைச் சாலை, அதுல அக்கரை தாண்டி ஒரு பெரிய காலி மைதானம். இந்தப் பக்கத்தோட மேப்பை மனசுல வச்சுக்கிட்டாதான் மத்தது புரியும். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய், நடுவுல ஒரு ஒல்லியான நிலத்துண்டு, அதுல வடக்கு தெற்கா ஒரே ரோடு. கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்குற ஓஎம்ஆர், அதாவது பழைய மகாபலிபுரம் ரோடு பக்கம் திரும்பணும்னா அக்கரைலேர்ந்து சோழிங்கநல்லூர் போற லிங்க் ரோடு ஒண்ணு, அதை விட்டா தெற்கே கோவளம் வரைக்கும் போய் கேளம்பாக்கம் ரோட்டைப் பிடிக்கணும். ரயில் இல்ல, மெட்ரோ இல்ல. சனி ஞாயிறு சாதாரணமாவே மகாபலிபுரம் போறவங்க வர்றவங்கன்னு அந்த ரோடு நிறைஞ்சுதான் இருக்கும். அது மேல ஆயிரக்கணக்குல கார், பைக், ஆட்டோ எல்லாத்தையும் ரெண்டு மணி நேரத்துக்குள்ள கொண்டு வந்து இறக்குனா என்ன ஆகும்னு நமக்கு ஏற்கனவே தெரியும். 2023 செப்டம்பர் 10 அன்னிக்கு இதே ரோட்டுல பனையூர்ல ஏ.ஆர். ரஹ்மான் கச்சேரி நடந்துச்சு, ஆகஸ்ட் 12ல நடக்க வேண்டியது மழையால தள்ளிப்போய் அன்னிக்கு வச்சாங்க. டிக்கெட் வாங்குன எத்தனையோ பேர் உள்ளயே போக முடியாம திரும்புனாங்க, பெண்கள் கிட்ட தப்பா நடந்துக்கிட்டாங்கன்னு புகார் வந்துச்சு, பிள்ளைங்களைத் தவறவிட்டுத் தேடுனவங்க உண்டு, முதல்வரோட கான்வாயே அந்த நெரிசல்ல மாட்டுச்சு. அப்புறம் போலீஸ் விசாரணை, டிக்கெட்டோட காப்பியை அனுப்புங்கன்னு ரஹ்மானே எக்ஸ்ல எழுதினது, பணம் திருப்பிக் கொடுத்தது எல்லாம் நடந்துச்சு. சரி, அதுக்கப்புறமாவது பாடம் படிச்சிருப்பாங்கன்னு நம்பித்தான் நாங்க போனோம்.

உள்ள போறதுக்குள்ள

கேட் நாலு மணிக்குத் திறப்போம், கச்சேரி ஏழு மணிக்குன்னு டிக்கெட்ல போட்டிருந்தாங்க. நாங்க அஞ்சு மணிக்கு பார்க்கிங் போயிட்டோம், வெறும் மணல் தரை, ரெண்டு நாள் முன்னாடி பெஞ்ச மழைத்தண்ணி ஓரமா தேங்கி நிக்குது. அங்கேருந்து கேட்டுக்கு நடக்கணும், எந்தப் பக்கம்னு ஒரு போர்டு கிடையாது. எல்லாரும் முன்னாடி போறவங்க முதுகைப் பாத்துக்கிட்டே நடக்குறோம், முன்னாடி போறவங்களும் அவங்களுக்கு முன்னாடி இருக்குறவங்களைப் பாத்துத்தான் நடக்குறாங்க. அப்படிப் போய் நின்ன இடம் ஒண்ணாம் நம்பர் கேட். மைதானத்துக்கு மூணு கேட் இருந்துச்சு, அது எனக்கு ராத்திரி வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிஞ்சுது.

கேட்கிட்ட போன உடனே முதல் சிக்கல் போன். அண்ணன் பொண்ணு போனை ஆட்டி ஆட்டிப் பாக்குறா, "அத்தை, டவர் ஃபுல்லா காட்டுது, டிக்கெட் மட்டும் ஓப்பனே ஆவல"ங்கறா. டவர் ஃபுல்லா காட்டுறதுக்கும் டேட்டா வர்றதுக்கும் சம்பந்தம் இல்ல, அந்தக் கோடு சிக்னல் பலமா இருக்குன்னு மட்டும்தான் சொல்லும், அந்த ஒரு டவரை எத்தனை ஆயிரம் பேர் பங்கு போட்டுக்கிட்டு இருக்காங்கன்னு சொல்லாது. அக்கரைக்கு அந்தப் பக்கம் சாதாரண நாள்ல இருக்குற ஜனத்துக்கு வச்ச டவர்தானே, ஒரே மைதானத்துல இத்தனை பேர் வீடியோ அனுப்பிக்கிட்டு இருந்தா எங்க தாங்கும். நடமாடும் டவர் வண்டின்னு ஒண்ணு இருக்கு, பெரிய கூட்டம் கூடுற இடத்துல கொண்டு வந்து நிறுத்துவாங்க, அன்னிக்கு என் கண்ணுல அப்படி எதுவும் படல. விளைவு என்னன்னா கேட்ல ஒவ்வொருத்தரும் க்யூஆர் கோடு திறக்குற வரைக்கும் நிக்கிறாங்க, ஒரு ஆளுக்கு மூணு நாலு செகண்ட்ல முடிய வேண்டிய ஸ்கேன் அரை நிமிஷம் ஒரு நிமிஷம்னு இழுக்குது, பின்னாடி கூட்டம் சேந்துக்கிட்டே இருக்கு. டிக்கெட்டை வீட்டுலயே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்கன்னு முந்தின நாள் ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தாலே இதுல பாதி குறைஞ்சிருக்கும்.

இரண்டாவது சிக்கல் ஜோன். சில்வர், கோல்ட், டைமண்ட், ஃபேன் பிட்னு நாலு விலை. எந்த ஜோனுக்கு எந்த கேட்னு யாருக்கும் தெரியல. கோல்ட் டிக்கெட்காரங்க கேட் ஒண்ணுல முக்கால் மணி நேரம் நின்னு ஸ்கேனர் கிட்ட போனதும், "உங்களுக்கு கேட் ரெண்டுங்க, சுத்திப் போங்க"ன்னு திருப்பி அனுப்புறாங்க. எப்படித் திரும்புறது? பின்னாடி அடர்த்தியா ஜனம். அவங்க எதிர்த்து வர, நாம முன்னாடி போக, அந்த இடத்துலதான் முதல் தடவையா எனக்குப் பயம் வந்துச்சு. அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "என்னடி இது, மூச்சு முட்டுது"ன்னாங்க.

அப்ப நடந்த ஒண்ணை நான் சொல்லியே ஆகணும். பக்கத்துல நின்ன நாலஞ்சு காலேஜ் பசங்க, யாரு எவருன்னே தெரியாது, கையைக் கோத்து ஒரு வளையம் மாதிரி நின்னு, "பாட்டி நீங்க நடுவுல வாங்க, ண்ணா கொஞ்சம் பின்னாடி சொல்லுங்கண்ணா, இங்க வயசானவங்க இருக்காங்க"ன்னு சத்தம் போட்டாங்க. அந்த சத்தம் எட்டுன வரைக்கும் தள்ளுறது நின்னுச்சு. எட்டாத இடத்துலேர்ந்து மறுபடி வந்துச்சு. அதை என் கண்ணால பாத்தேன், அதனாலதான் ஒழுங்கில்லாத கூட்டம்னு யாராவது சொன்னா என்னால சும்மா இருக்க முடியல. விஷயம் தெரிஞ்சவங்க நின்னாங்க. தெரியாதவங்க முன்னாடி கேட் நகருதுன்னு நினைச்சு நடந்தாங்க.

இதை ஜான் ஃப்ரூயின்னு ஒரு அமெரிக்க இன்ஜினியர் ரொம்ப வருஷத்துக்கு முன்னாடியே எழுதி வச்சிருக்காரு. கூட்ட நெரிசல் விபத்து எதை எடுத்தாலும் நாலு விஷயத்தைப் பாருங்கன்னு சொல்றாரு: விசை, தகவல், இடம், நேரம். ஒரு சதுர மீட்டர்ல ரெண்டு பேர் நின்னா வசதி, நாலு அஞ்சு பேர்னா தோள் இடிக்கும், ஏழு பேர் கிட்ட போனா அதுக்கப்புறம் தனித்தனி ஆளே கிடையாது, மொத்தக் கூட்டமும் தண்ணி மாதிரி ஆயிடும், ஒரு ஓரத்துல அழுத்துனா இன்னொரு ஓரத்துல அலையடிக்கும். அந்த நிலைமைல சாவறவங்க பெரும்பாலும் மிதிபட்டு சாவறது இல்ல, நின்ன நிலையிலயே நெஞ்சு விரிய இடமில்லாம மூச்சு அடைச்சு சாவறாங்க. 2021 நவம்பர் 5, அமெரிக்காவுல ஹூஸ்டன்ல ஆஸ்ட்ரோவேர்ல்ட் இசை விழால 10 பேர் போனது அப்படித்தான், கூட்டம் மேடையைப் பாத்து நெருக்கி நெருக்கிப் போயிருக்கு, கச்சேரி பாட்டுக்கு நடந்துக்கிட்டு இருந்திருக்கு. நமக்குப் பக்கத்துலயே கொச்சி பல்கலைக்கழகம், 2023 நவம்பர் 25, திறந்தவெளி அரங்குல பாட்டு நிகழ்ச்சி, மழை வந்ததும் வெளிய நின்னவங்க உள்ள ஓட, கேட்டைத் தாண்டுனா உடனே கீழ இறங்குற படி. 4 பேர் செத்துப்போனாங்க. பின்னாடி நின்னு தள்ளுனவங்களுக்கு முன்னாடி படியில ஆள் விழுந்து கிடக்குறது எப்படித் தெரியும்? யாராவது சொன்னாத்தானே தெரியும்.

கச்சேரி

இவ்வளவு பட்டு உள்ள போன பிறகு, சொல்லித்தான் ஆகணும், அது வேற உலகம். ஆறேகால் வாக்குல இருட்ட ஆரம்பிச்சுது, கடல்காத்து கொஞ்சம் எழும்புச்சு, முதல் பாட்டோட அந்த ஒரு சின்ன இசைத்துண்டு வந்த உடனே மொத்த மைதானமும் ஒரே நேரத்துல மூச்சை இழுத்துச்சு. சபால உக்காந்து கேக்குறது எனக்கு ரொம்பப் பிடிக்கும், மார்கழியில நான் விடாம போறவ, ஆனா அங்க நூத்துக்கணக்குல பேர் அமைதியா கேப்பாங்க, இங்க நாம எல்லாரும் சேந்து பாடுறோம், சரணம் வரும்போது பாடுறவர் மைக்கை நம்ம பக்கம் நீட்டிட்டு சும்மா நிக்கிறாரு, ஒரு வார்த்தை தப்பாம அத்தனை பேரும் பாடுறாங்க, அம்மாவும் பாடுறாங்க, வீட்டுல சமையல்கட்டுல முணுமுணுக்குறதைத் தவிர அவங்க பாடி நான் கேட்டதே இல்ல. அண்ணன் பொண்ணு அதை வீடியோ எடுக்காம பாட்டியையே பாத்துக்கிட்டு நின்னா. இதுக்காகத்தான் இவ்வளவு கஷ்டத்தையும் பொறுத்துக்கிட்டு ஜனம் திரும்பத் திரும்ப வருது.

எங்க தெருப் பையன் ஒருத்தன் லைட் அண்ட் சவுண்ட் வேலைல இருக்கான், அந்தக் கச்சேரில இல்ல, வேற கம்பெனி. அவன் கிட்ட அப்புறம் நிறைய கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். நம்ம ஊர் சூட்டுல சத்தம் ஒரு செகண்டுக்கு 350 மீட்டர் வாக்குல போகுது. அப்ப மேடைலேர்ந்து 100 மீட்டர் தள்ளி நிக்கிற ஆளுக்கு சத்தம் 0.3 செகண்ட் கிட்ட லேட்டா வரும், ஸ்க்ரீன்ல உதடு முன்னாடியே அசைஞ்சிரும். மேடை ஸ்பீக்கரை மட்டுமே வச்சு கடைசி ஆளு வரைக்கும் கேக்க வைக்கணும்னா முன்வரிசைக்காரங்க காது போயிரும், அதனால நடுவுல நடுவுல டிலே டவர்னு ஸ்பீக்கர் கோபுரம் நிறுத்தி, மேடை சத்தம் அங்க வந்து சேர்ற அதே நேரத்துக்கு அந்த ஸ்பீக்கரும் பாடுற மாதிரி தாமதத்தைக் கணக்குப் போட்டு வைப்பாங்க. "அக்கா, ஒரு டவரை கொஞ்சம் தள்ளி வச்சுட்டோம்னாகூட கணக்கை மறுபடி போடணும், இல்லன்னா ரெண்டு தடவை பாடுற மாதிரி கேக்கும்"னான். நாம திருப்பிப் பாடுறது பாடுறவருக்கு லேட்டாதான் போய்ச் சேருமாம், அதனாலதான் அவர் காதுல இன்-இயர்னு ஒரு குட்டி ஸ்பீக்கரை மாட்டிக்கிட்டு அதுல வர்ற தாளத்தை மட்டும் நம்பிப் பாடுறாரு, கூட்டத்தைக் கேட்டுப் பாடுனா தாளம் இழுத்துரும்.

எனக்கு ஆதங்கமே இங்கதான். பாட்டு கடைசி வரிசை வரைக்கும் சரியாப் போய்ச் சேரணும்னு செகண்டைப் பத்தா நூறாப் பிரிச்சு இவ்வளவு அக்கறையா கணக்குப் போடுறவங்க, "மூணாம் நம்பர் கேட் காலியா இருக்கு, அங்க போங்க"ங்கற ஒரு வரியை ஒரு மணி நேரமா நாப்பது மீட்டர் தள்ளி நிக்கிறவங்க கிட்ட கொண்டு போகல. ஸ்பீக்கர் இருந்துச்சு, ரெண்டு மாடி உயரத்துக்கு எல்இடி ஸ்க்ரீன் இருந்துச்சு, அது பூராவும் அஞ்சு மணிலேர்ந்து விளம்பரம்தான் ஓடுச்சு.

டாய்லெட் பத்தியும் ரெண்டு வரி. பெண்கள் பக்கம் வரிசை எப்பவும் முப்பது நாப்பது பேர், ஆம்பளைங்க பக்கம் காலியா இருக்கு. வெளிநாட்டுல பெரிய நிகழ்ச்சிங்களுக்குன்னு எழுதி வச்ச கணக்குல ஆறு மணி நேரத்துக்கு மேல போற நிகழ்ச்சின்னா 100 பெண்களுக்கு ஒரு டாய்லெட் வேணும்னு இருக்கு. நம்ம ஊர்ல ரெண்டு பக்கமும் சரிசமமா நிறுத்திட்டா போதும்னு நினைக்கிறாங்க. நிறைய பொண்ணுங்க தண்ணியே குடிக்காம இருந்துர்றாங்க, அந்தப் புழுக்கத்துல அது எவ்வளவு ஆபத்துன்னு 2024 அக்டோபர் 6 மெரினா ஏர் ஷோவுல பாத்தோம், வெயில்லயும் கூட்டத்துலயும் 5 உயிர் போச்சு.

பத்து மணி

திறந்தவெளில ராத்திரி 10 மணிக்கு மேல ஸ்பீக்கர் போடக் கூடாதுங்கறது 2000ல வந்த ஒலி மாசு விதி. நல்ல விதிதான், சுத்தி வீடு இருக்கு, மீனவக் குப்பம் இருக்கு, அவங்களும் தூங்கணும். ஆனா அதோட விளைவு, கடைசிப் பாட்டு அஞ்சு நிமிஷம் முன்னாடி முடியுது, பத்து மணிக்கு மேடை லைட், ஸ்க்ரீன் எல்லாம் அணைஞ்சுருது, மொத்த ஜனமும் ஒரே நிமிஷத்துல ஒரே பக்கம் திரும்புது. உள்ள வரும்போது நாலு மணிலேர்ந்து ஏழு மணி வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா வந்தவங்க, வெளிய போகும்போது மொத்தமா போறாங்க. வழி மட்டும் அதே வழி.

கணக்கு போட்டுப் பாருங்க. பிரிட்டன்ல ஸ்டேடியங்களுக்குன்னு கிரீன் கைடுன்னு ஒண்ணு வச்சிருக்காங்க, அதுல சமதரைல ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிஷத்துக்கு 82 பேர் வெளிய போக முடியும்னு இருக்கு, படின்னா 66. அந்த மைதானத்துலேர்ந்து ரோட்டுக்குப் போற சந்து சுமார் அஞ்சு மீட்டர் இருக்கும். நிமிஷத்துக்கு 410 பேர். 20,000 பேர்னு வச்சுக்கிட்டா ஐம்பது நிமிஷம் கிட்ட ஆகும், அதுவும் யாரும் நிக்காம, தடுக்காம, இருட்டு இல்லாம போனா. அன்னிக்கு அதே சந்துலதான் பார்க்கிங் பைக்கும் காரும் வெளிய வந்துச்சு, பாதி அகலத்தை வண்டி எடுத்துக்கிச்சு, அப்ப ஒன்றரை மணி நேரத்துக்கு மேல. நாங்க ரோட்டைத் தொடும்போது பன்னெண்டு மணி ஆகப் போகுது. இதுக்கு ஜனத்தோட ஒழுக்கத்தை ஏன் இழுக்கணும், பெருக்கல் வகுத்தல் தெரிஞ்சா முந்தின வாரமே சொல்லியிருக்கலாம்.

அந்த இருட்டுல என்னை இன்னும் உலுக்குன விஷயம் ஒண்ணு இருக்கு. சந்தோட வாய்ல ஒரு செக்யூரிட்டிக்காரர், வயசானவரு, ஒரு பிளாஸ்டிக் சேர் மேல ஏறி நின்னு, கையில மெகாஃபோன் கூட இல்ல, வாயாலயே கத்துறாரு, "அவசரமே இல்லம்மா, ரோடு நிக்குது, பத்து நிமிஷம் கழிச்சு நகரும், அங்கயே உக்காருங்க". நம்புவீங்களான்னு தெரியல, அவர் குரல் கேட்ட ஜனம் அப்படியே மணல்ல உக்காந்துச்சு. குழந்தைங்களை மடியில வச்சுக்கிட்டு, ஒருத்தர் கிட்ட தண்ணி வாங்கிக் குடிச்சுக்கிட்டு, சில பேர் மறுபடி பாட ஆரம்பிச்சாங்க. அந்த சேர்லேர்ந்து இருபது மீட்டர் சுத்து வட்டத்துல நெரிசலே இல்ல. அவருக்கு யாரும் அதைச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டாங்க, அவராத் தோணி செஞ்சாரு. அந்த மனுஷனை நான் கையெடுத்துக் கும்பிட்டுத்தான் வந்தேன்.

இதே சென்னைக்காரங்கதான் பங்குனில மயிலாப்பூர் அறுபத்துமூவருக்கு வர்றாங்க. நாலு மாட வீதி, எவ்வளவு ஜனம், எத்தனை குழந்தை, எத்தனை பாட்டிங்க. அங்க சாமி எந்தப் பக்கம் வரும், எங்க திரும்பும், எங்க நிக்கும்னு ஜனத்துக்குப் பரம்பரையாத் தெரியும், நாலா பக்கமும் சந்து வழியா வெளிய போகலாம், பத்தடிக்கு ஒரு நீர்மோர் பந்தல். நெரிசல் இல்லாம இல்ல, ஆனா யாருக்கு என்ன தெரியணுமோ அது தெரிஞ்சிருக்கு. பொங்கல் சமயத்துல சென்னை சங்கமம் நடக்கும்போது பறை, கரகம், நாட்டுப்புறப் பாட்டுன்னு ஊர் பூரா பல பார்க்ல, மைதானத்துல ஒரே நேரத்துல வைக்கிறாங்க, கூட்டம் தானாப் பிரிஞ்சுருது. நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துல கச்சேரி வச்சா மெட்ரோ நடக்குற தூரத்துல இருக்கு. சேப்பாக்கம் சிஎஸ்கே மேட்ச்சுக்கு மேட்ச் டிக்கெட்டையே மெட்ரோ டிக்கெட்டா ஏத்துக்கிட்டது நமக்குத் தெரியும், அதே ஏற்பாட்டைக் கச்சேரிக்கும் செய்யலாம்.

ஈசிஆர்லதான் வைப்போம்னா அதுக்கும் வழி இருக்கு, நான் வேண்டாம்னு சொல்லல, கடல்காத்துல கேக்குற சுகமே தனி. திருவான்மியூர்லயும் சோழிங்கநல்லூர்லயும் வண்டியை நிறுத்த வச்சுட்டு அங்கேருந்து பஸ் விடுங்க, கார் பார்க்கிங் வழியும் நடக்குற வழியும் ஒண்ணோட ஒண்ணு தொடக் கூடாது, ஜோனைக் கேட் நம்பரோட டிக்கெட்லயே பெருசா அச்சடிங்க. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2014லயே கூட்ட மேலாண்மைக்குன்னு தனி வழிகாட்டி போட்டிருக்கு, அதை அனுமதி கொடுக்குற ஆபீஸ்லயும் திறந்து பாக்கணும், எத்தனை டிக்கெட்னு கேக்குறதோட நிறுத்தாம வெளிய போற வழி மொத்தம் எத்தனை மீட்டர்னும் கேக்கணும், 82ஆல பெருக்கிப் பாக்கணும்.

போறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். உள்ள போன உடனே நீங்க வந்த வழியைத் தவிர இன்னொரு வழி எங்கன்னு பாத்து வச்சுக்கங்க. உங்க கையை முகத்துக்குத் தூக்க இடமில்லன்னாலோ, நீங்க நகராமலே உடம்பு ஆடுதுன்னாலோ அப்பவே வெளிய வாங்க, எவ்வளவு பிடிச்ச பாட்டா இருந்தாலும் சரி. கூட்டத்தை எதிர்த்து வராதீங்க, குறுக்குவாக்குல ஓரத்துக்கு வாங்க, ரெண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னாடி மடக்கி வச்சுக்கங்க, கீழ விழுந்த செருப்பு, போன் எதுவா இருந்தாலும் குனியாதீங்க.

நடத்துறவங்க கிட்ட கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். கடைசிப் பாட்டு முடிஞ்ச உடனே ஸ்க்ரீனை அணைக்காதீங்க. எந்த வழி காலியா இருக்கு, ரோடு நகருதா, பஸ் எங்க நிக்குது, குழந்தையைத் தவறவிட்டவங்க எங்க வரணும்னு கடைசி ஆள் வெளிய போற வரைக்கும் அதுல எழுத்துல ஓடட்டும், அதுக்கு எந்த ஒலி விதியும் தடை கிடையாது.